ததேயுவின் நிழலுக்கு ஒப்பந்தம் இல்லை

தடைக்காலம் தொடங்கின அன்னைக்குப் படகெல்லாம் கரையேறும், வலையெல்லாம் காயும், ஆம்பளைங்க வீட்டுல சும்மா உக்காந்து குழம்புல உப்புக் கொறவு கண்டுபிடிப்பாங்க. ஆனா சிப்பித்துறையில எங்களுக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கிற மாசம் அதுதான், ஏன்னா கடலுக்கு லீவு விட்ட அந்த அறுபத்தோரு நாளும் பந்துக்கும் லீவு, பந்துக்கு லீவுன்னா அடுத்த வருஷத்துக்கு யாரை நிறுத்துறது, யாரை விடுறது, வெளியில இருந்து யாரைக் கூட்டிட்டு வர்றதுன்னு எங்க கடல்ராணி ஃபுட்பால் கிளப்பு லிஸ்ட் போடுற காலம். பந்து உருளுற பத்து மாசத்த விட உருளாத இந்த ரெண்டு மாசந்தான் எனக்குப் பிடிக்கும், சொன்னா சிரிப்பீங்க. ஆட்டம் நடக்கும்போது பதினோரு பேரு ஓடுவான், நாம தொண்டை கிழியக் கத்தலாம், அவ்வளவுதான். லிஸ்ட் போடுறப்போ ஒவ்வொருத்தி மனசுலயும் ஒரு டீம் இருக்கும், அந்த டீம்ல யாருக்கும் முட்டுவலி கிடையாது, யாரும் போஸ்ட்டுக்கு மேல அடிக்க மாட்டான், கோப்பை எப்பவும் நமக்குத்தான்.

என் பேரு மெற்றில்டா. வலைக் கம்பெனியில முடிச்சு பாக்குற வேலை, இருபத்திரண்டு வருஷ சர்வீசு. எங்க ஊரு ஆம்பளைங்க வருஷத்துல முக்காவாசி ஆழ்கடல்ல கிடப்பாங்க, அதனால கிளப்பு கமிட்டி பதினோரு பேர்ல ஏழு பேரு பொம்பளைங்க, தெருவுக்கு ஒருத்தி. போன வருஷம் ஒரு வெளியூர்க்காரன் "மீன் கழுவுற கைக்கு டிஃபென்ஸ் பத்தி என்னம்மா தெரியும்"னு கேட்டான், அவன் ஊரு அன்னைக்குச் சாயங்காலமே எங்ககிட்ட அஞ்சு கோல் வாங்கிட்டு வேன் ஏறிச்சு.

மாதா திருநாள் கோப்பைக்குப் பதினெட்டு பேரு ஃபுட்பால் சங்கத்துக்கு எழுதிக் கொடுக்கணும், அதுல மூணு பேருதான் வெளியாளா இருக்கலாம், இதுதான் சட்டம். அந்த வருஷம் என் கணக்கு இப்பிடி: கோல் காக்குற கோலி கேட்டதைக் கொடுத்து நிறுத்தணும், அவன் போனா கிளப்பே போச்சு; சென்டர் ஃபார்வர்டு ரெண்டு பேர்ல ஒருத்தனுக்கு மஸ்கட் விசா வந்துட்டு, இன்னொருத்தன் கல்யாணம் முடிஞ்சு மூணு மாசத்துல மூணு சுத்துப் பெருத்துட்டான், அதனால ஒரு வெளியாள் அங்க வேணும்; நடுவுல காலேஜ் பிள்ளைங்க நல்லா வந்துட்டிருக்காங்க, அவங்களத் தொடக்கூடாது; பாக்கி இருக்கிறது லெஃப்ட் பேக், இடது பக்கக் காவல். அந்த இடத்துல பதினஞ்சு வருஷமா நின்னவன் ததேயு, என் வீட்டுக்காரரு மிக்கேலுக்கு நேர் இளையவன், என் கொழுந்தன். வயசு முப்பத்திநாலு. போன வருஷ ஃபைனல்ல எங்க எதிரி ஊரு கல்லுமுக்குக்காரன் மூணு தடவ அவன் பக்கமா உள்ள பூந்தான், மூணும் கோலு. செக்ரட்டரி பெனட் ஃபோன்ல ஒரு வீடியோ காட்டினான், மலப்புறத்துப் பையன், நிஷாத்துன்னு பேரு, இருபத்திரண்டு வயசு, லெஃப்ட் பேக். அவன் ஓடுறத மூணு தடவ பாத்தேன், மூணாவது தடவ பாக்கும்போது எனக்கு மூச்சு வாங்கிச்சு.

நிஷாத்துக்கு ரெண்டு வருஷம் எழுதலாமான்னு பெனட் கமிட்டியில கேட்டான். அஞ்சு கை மேல போச்சு, அஞ்சு கை மடியில இருந்துது, எல்லாரும் என்னப் பாத்தாங்க. நான் கை தூக்கினேன். பொய் சொல்லல, அந்த நேரத்துல எனக்குக் கொழுந்தன் ஞாபகம் வரல, கோப்பைதான் கண்ணுல நின்னுச்சு.

எங்க ஊருல அதுவரைக்கும் ஒருத்தனையும் வேண்டாம்னு சொன்னதில்ல, கேட்டியளா. முட்டு உடைஞ்சவன் தானா உக்காருவான், விசா வந்தவன் தானா போவான், போலீஸ் வேலை கிடைச்சவன் தானா சல்யூட் அடிச்சுட்டுப் போவான், அதனால வேண்டாம்னு எப்பிடிச் சொல்றதுன்னு யாருக்கும் தெரியாது. செக்ரட்டரி சொல்லுவான்னு நான் நெனச்சேன், அண்ணன் பொண்டாட்டி, மயினிகாரி நான் சொல்லுவேன்னு செக்ரட்டரி நெனச்சான், ரெண்டு பேர்ல ஒருத்தர் சொல்லியிருப்பாங்கன்னு மத்த ஒன்பது பேரும் நெனச்சாங்க. ததேயு மூணு வாரத்துல நாலு தடவ எங்க வீட்டுக்கு வந்தான், புட்டும் பயறும் தின்னான், புது பூட்ஸ் வாங்கினத எடுத்துக் காட்டினான். நல்லாருக்குன்னு சொன்னேன்.

ஜூன் கடைசியில ராயப்பர் திருநாள் அன்னைக்குக் காலைப் பூசை முடிஞ்சதும் எங்க ஊருல கால்நனைப்பு. பேப்பர்ல கையெழுத்து எல்லாம் சங்கத்துக்காக, எங்களுக்கு ஒப்பந்தம்னா கால்நனைப்புதான்: கோயிலுக்கும் கடலுக்கும் நடுவுல இருக்கிற மைதானத்துல ஆட்டக்காரங்க அவனவன் இடத்துல செருப்பில்லாம வலது கால முன்னால நீட்டி நிப்பாங்க, கமிட்டியில ஒருத்தர் கடல்தண்ணிக் குடத்தோட கோலியில இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொருத்தன் காலுலயும் ஊத்திட்டே வருவாங்க, ஊத்தியாச்சுன்னா அவன் அந்த வருஷத்துக்கு எங்காளு, மாதாவே வந்து கூப்பிட்டாலும் வேற ஊருக்கு ஆடக்கூடாது. குடம் வருஷத்துக்கு ஒரு தெருவுக்கு. அந்த வருஷம் எங்க தெரு.

நான் குடத்தோட கோலி காலுல ஊத்திட்டு நிமிர்ந்தா லெஃப்ட் பேக் இடத்துல ததேயு நிக்கான், கால நீட்டிக்கிட்டு, முடி வெட்டி, சட்டை தேச்சுப் போட்டு. அவனுக்கு ரெண்டு அடி தள்ளி அந்த மலப்புறத்துப் பையன், தானும் கால நீட்டணுமா வேண்டாமான்னு தெரியாம நெளியுறான். பெனட்டப் பாத்தேன், அவன் கோயில் கோபுரத்தப் பாத்தான். மத்தவங்களப் பாத்தேன், எல்லாருக்கும் திடீர்னு கடல் மேல ஒரு அக்கறை. நான் ததேயுவத் தாண்டிப் போயி நிஷாத் காலுல ஊத்தினேன். ததேயு நீட்டின கால எடுத்தான், வேட்டியத் தட்டினான், நடந்து போயிட்டான். அவன் நிழல் மட்டும் கால நீட்டினபடி அங்கயே நின்னுச்சு.

முதல்ல கண்டது ஆட்டுக்காரி ரோஸம்மா, "ததேயு எதையோ விட்டுட்டுப் போறானே"ன்னா. திரும்பிப் பாத்தா ததேயு வெயில்ல போறான், பின்னால ஒண்ணும் போகல, இங்க தரையில ஆளில்லாம நிழல் கிடக்கு. அன்னைக்கு ஊருல அதப் பத்திப் பெருசா யாரும் பேசல, ஏன்னா திருநாள் விருந்துக்கு மாட்டிறைச்சி பத்தல, அந்தச் சண்டையே சாயங்காலம் வரைக்கும் ஓடிச்சு.

மறுநாள்ல இருந்துதான் ஊரு அதோட பழகத் தொடங்கிச்சு. காலையில கடல் பக்கமா நீண்டு கிடக்கும், உச்சியில ஒரு தட்டு அளவுக்குச் சுருங்கும், சாயங்காலம் பெனால்டி ஏரியா முழுக்க வளரும், மேகம் மூடினா மறையும், மூணு நாள் மழை பெஞ்சு "போயிட்டு போல"ன்னு நாங்க பெருமூச்சு விட்டா நாலாம் நாள் வெயிலோட அதே இடத்துல வந்து நிக்கும். அந்தப் பக்கம் நெத்திலி காயப்போட்டவங்க மீன் காயலன்னு பாயை ரெண்டடி தள்ளி விரிச்சாங்க. ரோஸம்மாவோட ஆடுங்க மத்தியானம் வந்து அதுல ஒண்டப் பாத்து, இடம் பத்தாம ஒண்ணையொண்ணு முட்டிக்கிட்டுதுங்க. அத மிதிச்சா பாவமான்னு ஃபாதர்கிட்ட கேட்டதுக்கு அவர் ரொம்ப நேரம் யோசிச்சு, நிழலுக்கு ஞானஸ்நானம் கிடையாது, ஆனாலும் தெரிஞ்ச ஆளோட நிழல், பாத்து நடங்கன்னு பிரசங்கத்துலயே சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் மைதானத்தக் குறுக்க கடக்கிறவங்க அங்க வந்ததும் ஒரு சுத்து சுத்திப் போவாங்க, சில பேரு "என்ன ததேயு"ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டும் போவாங்க.

ததேயுவ ஒரு வாரத்துல கல்லுமுக்குக்காரன் எழுதிக்கிட்டான், ஒரு வருஷத்துக்கு. எங்கள அழவச்ச ஊரு, எங்க ஆள எடுத்தா இன்னும் நல்லா எரியும்னு ஒரு சந்தோஷம் அவனுகளுக்கு. ததேயு எங்க வீட்டுப் பக்கம் வர்றத நிறுத்தினான். வெயில்ல போகும்போது குடை பிடிச்சுட்டுப் போவான், அப்பக் குடையோட நிழல் மட்டும் தனியா ரோட்டுல உருண்டு போகும், கீழ ஆள் இருக்காது. மிக்கேல் அதப் பாத்துட்டு வந்து சோத்துல கை வைக்காம உக்காந்திருந்தாரு. "உன் கோப்பைக்கு என் தம்பியப் பாதியா அறுத்துட்ட பிள்ள"ன்னாரு.

ஆனா உள்ளதச் சொல்லணும்லா, ஜூலை ரெண்டாம் வாரம், தடைக்காலம் முடியுறதுக்கு முன்னாலயே பயிற்சி தொடங்கின அன்னைக்கு நான் எல்லாத்தையும் மறந்தேன். பந்து உருண்டதும் அந்த நிழல் ஓடிச்சு. ததேயு ஓடின மாதிரியே, தோள முன்னால சாய்ச்சு, பந்து வர்ற வழிய முன்னமே மோந்து பாத்துட்டு ஓடுற ஓட்டம். மொத நாள் நிஷாத் அதுல தடுக்கினவன் மாதிரி தடுமாறினான், ரெண்டாம் நாள் விலகி ஓடினான், மூணாம் நாள் அது போற இடத்துக்கு இவனும் போகத் தொடங்கினான். ஐயோ, அதப் பாக்கணும். ஒருத்தனுக்குக் கால் இருக்கு, இன்னொருத்தனுக்குப் புத்தி இருக்கு, ரெண்டும் ஒரே கோட்டுல ஓடுது. எதிர்ல வர்ற விங்கருக்குத் தரையில ஒண்ணு பாய்ஞ்சு வர்றது தெரியும், ஒரு நொடி தயங்குவான், அந்த ஒரு நொடியில நிஷாத் பந்த எடுத்துட்டு அந்தக் கோடிக்கே போயிடுவான். நாகர்கோவில்ல இருந்து வந்த ஒரு காலேஜ் டீம எட்டுக்குப் பூச்சியம்னு அனுப்பினோம், அவங்க கோச்சு போறப்போ தரையத் தடவிப் பாத்துட்டுப் போனாரு.

பெனட் சங்கத்துக்குக் கடிதம் போட்டான். நிழல் ஆட்டக்காரர் அல்ல, ஆகவே பட்டியலில் எழுத வேண்டியதில்லை, அதை வெளியேற்றவும் விதி இல்லைன்னு சீல் வச்சுப் பதில் வந்துச்சு. பதினெட்டு பேருக்கு மேல பத்தொன்பதாவது ஆளு, சோறு வேண்டாம், பூட்ஸ் வேண்டாம், மஸ்கட் விசா வராது. ஊரே கூத்தாடிச்சு. கோயில் வாசல்ல, ஐஸ் பிளான்ட்ல, வலைக் கம்பெனியில எல்லாம் ஒரே பேச்சு, இந்த வருஷம் யாரு நம்மளத் தாண்டுவான்னு. எனக்குத் தூக்கத்துலயும் சிரிப்பு வந்துச்சுன்னா பாத்துக்கங்க.

அந்தச் சந்தோஷத்துக்கு நடுவுலதான் கல்லுமுக்கு செக்ரட்டரி கஸ்மீர் வந்தாரு, ததேயுவையும் கூட்டிக்கிட்டு. கஸ்மீர் ரிட்டயர்டு ரெஜிஸ்டர் ஆபீஸ் ஆளு, வார்த்தைய நிறுத்துப் போடுறவரு.

"ஓய் பெனட், ஒரு வீட்ட எழுதிக் குடுத்தா கிணறும் சேத்துத்தான் அர்த்தம். ஆள எழுதிக் குடுத்தா நிழலும் சேத்துத்தான். எங்களுக்கு முழு ஆள் வரணும்"னாரு.

"நாங்க யாரையும் எழுதிக் குடுக்கலையே. அவனா வந்தான், நீங்களா எடுத்தீங்க. நிழல் எங்க மண்ணுல நிக்கி. வேணும்னா கூட்டிட்டுப் போங்க, நாங்க கட்டியா போட்டிருக்கோம்"னு பெனட் சொன்னான்.

அவங்க பாடுபட்டுப் பாத்தாங்க. வெள்ளைத் துணிய விரிச்சுச் சுருட்டினாங்க, துணிதான் வந்துச்சு. மண்ணோட வெட்டிக் கூடையில அள்ளினாங்க, குழிக்குள்ள நிழல் வளைஞ்சு நின்னுச்சு. ததேயுவே போயி அதோட காலு மேல தன் கால வச்சு நின்னான், கொஞ்ச நேரம் நின்னு "வா"ன்னான், மெதுவாத்தான் சொன்னான். அது அவனத் திரும்பிப் பாக்கல. எங்க பிள்ளைங்க சில பேரு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேனோ என்னவோ, நிச்சயமா இல்லன்னு சொல்ல முடியல.

போறதுக்கு முன்னால கஸ்மீர் என்கிட்ட தனியா வந்தாரு. "அம்மா, எங்க கோலி இவன் எங்க நிக்கான்னு தெரியலங்கான், பின்னால இருந்து நிழலப் பாத்துப் பழகினவன். மத்தவனுகளும் கூட நிக்கப் பயப்படுதானுவ. ஜூலை கடைசிச் சனிக்கிழமை லிஸ்ட் குடுக்கணும். அதுக்குள்ள நிழல் வரலன்னா இவன் பேர வெட்டிருவோம். அன்னைக்கு எல்லா ஊருக்கும் லிஸ்ட் மூடிரும், அப்புறம் இவனுக்கு டீமே கிடையாது. முப்பத்திநாலு வயசுல ஒரு வருஷம் வெளிய உக்காந்தா, அடுத்த வருஷம் யாரு கூப்பிடுவா, நீங்களே சொல்லுங்க"ன்னாரு.

லிஸ்ட் போடுற எனக்குத்தான் அது நல்லாத் தெரியுமே.

அன்னைக்கு ராத்திரி கமிட்டி கூடல, மறுநாள் காலையில கூடிச்சு. நிழல வச்சுக்கிடணும்னு பத்து கை. என் கையும் பாதி எழும்பி நின்னுச்சு, அத யாரும் எண்ணல, பத்தே போதும்னாங்க. பயிற்சி பாக்கப் போனேன், மனசு ஒரு பக்கம் குதிக்குது, ஒரு பக்கம் குத்திக்கிட்டே இருக்கு. பயிற்சி முடிஞ்சு பிள்ளைங்க போனப்புறம் நிஷாத் எனக்குப் பக்கத்துல வந்து தண்ணி குடிச்சான். அக்காவச் சேச்சின்னும் ஆட்டத்தக் களின்னும் நாளத் திவசம்னும் சொல்ற மலையாளம் கலந்த தமிழ் அவனுக்கு.

"சேச்சி, ஒரு காரியம் பாத்தீங்களா? களி முடிஞ்சா எல்லாரும் போவும். அது மட்டும் போயி அந்த ஸ்தலத்துல கால நீட்டி நிக்கும். எல்லா திவசமும்."

பாத்தேன். வலது கால் முன்னால, விரல் கொஞ்சம் மேல தூக்கி, கால்நனைப்புக்கு நிக்கிற நிப்பு. நான் அன்னைக்குக் குடத்தோட தாண்டிப் போனப்போ நின்ன அதே நிப்பு.

"அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லலையா, சேச்சி"ன்னு கேட்டான். வெளியூர்க்காரன் கேட்ட கேள்வி, ஊசி மாதிரி இறங்கிட்டு.

நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். நேரா பெனட்கிட்ட போயி, அது தண்ணிக்கு நிக்கி, யாரும் வேண்டாம்னு சொல்லாததால இன்னும் நம்ம குடத்துக்குக் காத்து நிக்கின்னு சொன்னேன். சொன்னது, அவன் மனசு இரங்குவான்னு நெனச்சு. அவனோ துள்ளிட்டான். "அப்பிடின்னா ஊத்திருவோம் அக்கா. ஊத்திட்டா ஒப்பந்தம் ஆச்சு, எவனாலயும் அசைக்க முடியாது. வருஷா வருஷம் ஊத்தினா ஆயுசுக்கும் நம்மளுது. வெள்ளிக்கிழமையே ஊத்திருவோம், லிஸ்ட்டுக்கு முந்தின நாளு. குடம் உங்க தெருவுக்குத்தானே"ன்னான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரை மணி, நல்ல வெயிலு, ஊரு முழுக்க மைதானத்துல. பேண்டு வாத்தியம் கூடக் கொண்டு வந்துட்டாங்க. நான் கடல்ல இறங்கிக் குடத்த முக்கித் தூக்கி இடுப்புல வச்சேன். கரையேறி வரும்போது என் மனசுல ஓடினத ஒளிக்காம சொல்றேன்: கோலி இருக்கான், சென்டர் ஃபார்வர்டுக்குத் திருச்சூர்க்காரன் கிடைச்சுட்டான், நடுவுல காலேஜ் பிள்ளைங்க, லெஃப்ட்ல நிஷாத், நிஷாத்துக்கு முன்னால நிழல், இந்தக் குடம் கவிழ்ந்தா கோப்பை வருது, ஒரு கோப்பை இல்ல, நான் சாகுற வரைக்கும் வருஷா வருஷம் வருது. குடத்துத் தண்ணி தளும்பித் தளும்பி என் சேலை நனைஞ்சுது, எனக்குக் குளிரல, உடம்பு அப்பிடிக் கொதிச்சுது.

பெனால்டி ஏரியா ஓரத்துல ததேயு நின்னான். குடை இல்ல. யாரு கூப்பிட்டாங்களோ, தானா வந்தானோ, மத்தவங்க எல்லாருக்கும் பின்னால நிழல் நீளமா விழுந்து கிடக்க, அவன் காலடி மட்டும் வெறும் மண்ணா வெளுத்துக் கிடந்துச்சு. அந்த வெறும் மண்ணப் பாத்தேன். பதினஞ்சு வருஷம் மழையில, சேத்துல, காய்ச்சலோட, பிள்ளை பிறந்த அன்னைக்குக் கூட எங்களுக்காக ஓடின காலு. அந்தக் காலுக்கு நாங்க ஒரு வார்த்தை கடன்பட்டவங்க, அத அவன் கேக்கவே இல்ல.

"அக்கா, ஊத்துங்க"ன்னு பெனட் சொன்னான்.

நிழலோட நீட்டின காலு முன்னால குடத்த இறக்கி வச்சேன். ததேயுவப் பாத்து, எல்லாருக்கும் கேக்குற மாதிரிச் சொன்னேன்.

"ததேயு, உன்ன நாங்க இந்த வருஷம் எடுக்கல. அஞ்சுக்கு அஞ்சுன்னு நின்னப்போ கை தூக்கினவ நானாக்கும். நீ ஓட்டத்துல பிந்திட்ட மக்கா. போன ஃபைனல்ல மூணு கோலும் உன் பக்கமா வந்துச்சு. உனக்கு மனசு நோவும்னு நாங்க சொல்லாம இருக்கல, எங்களுக்குச் சொல்ல நெஞ்சு இல்ல. உன் பூட்ஸப் பாத்து நல்லாருக்குன்னு சொன்னேன்லா, அப்பவே சொல்லியிருக்கணும். இங்க உனக்குத் தண்ணி இல்ல. நீ போயி வேற ஊருக்கு ஆடு."

பேண்டுக்காரன் கொம்ப வாயில இருந்து எடுத்தான். ததேயு என்னையே பாத்துக்கிட்டு நின்னான், கண்ணு நிறைஞ்சு போச்சு, ஆனா மூஞ்சி கோணல.

"பிந்திட்டேன்னு எனக்குத் தெரியும் மயினி. மூணாவது கோலு விழும்போதே தெரியும். இத அன்னைக்குப் புட்டு திங்கும்போதே சொல்லியிருந்தா, ஒரு சாயா குடிச்சுட்டுப் போயிருப்பேன்"னான்.

நிழல் நீட்டின கால உள்ள இழுத்துச்சு. வேட்டியத் தட்டுற மாதிரி ஒரு தட்டு தட்டிச்சு. அப்புறம் எங்க எல்லாரு காலடியையும் தாண்டி, ஆடுங்களத் தாண்டி, பேண்டுக்காரங்களத் தாண்டி, அவசரமில்லாம நடந்து போயி ததேயு காலுக்கு அடியில நுழைஞ்சு அந்தப் பக்கம் நீட்டிப் படுத்துச்சு. அவன் ஒரு தடவ திரும்பிப் பாத்துட்டு நடந்தான், கூடவே போச்சு. பெனட் குடத்தத் தூக்கிக்கிட்டு ஓடினான், ஊத்துறதுக்கு அங்க ஒண்ணும் மிச்சம் இல்ல. ஊருல அஞ்சு நாளு என்கிட்ட யாரும் பேசல, பெனட் அதுக்கு அப்புறமும் பேசல. என் வீட்டுக்காரரு மட்டும் அன்னைக்கு ரெண்டு தடவ சோறு கேட்டு வாங்கித் தின்னாரு.

மாதா திருநாள் கோப்பையில செமிஃபைனல் வந்துச்சு, எங்களுக்கும் கல்லுமுக்குக்கும். பஸ் பிடிச்சு, வேன் பிடிச்சு, கடல்ல இருந்து வந்தவனெல்லாம் குளிக்காம நேரா மைதானத்துக்கு வந்தான். ஆகா, என்ன ஆட்டம். முதல் பாதியில திருச்சூர்க்காரன் தலையால முட்டி ஒரு கோல் போட்டான், நான் பக்கத்துல இருந்த பெனட்டோட முதுகுல குத்தின குத்துல அவன் மூக்குக்கண்ணாடி கழண்டு விழுந்துச்சு, அதோட அவனுக்கும் எனக்கும் பேச்சு வந்துச்சு. ரெண்டாம் பாதியில அவனுக ஒண்ணு போட்டானுக. ஒண்ணுக்கொண்ணு. நிஷாத் பறந்தான், சத்தியமாப் பறந்தான், நிழலு இல்லாமலே அது நின்ன இடம் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். எதிர்ப் பக்கத்துல ததேயு நிதானமா நின்னான், நின்ன இடத்துக்கே பந்து வந்துச்சு, எப்பிடி வருதுன்னு எங்க விங்கருக்குக் கடைசி வரைக்கும் புரியல.

முடியுறதுக்கு ரெண்டு நிமிஷம். எங்க காலேஜ் பையன் ஒருத்தன் நடுவுல பந்தப் பறிச்சான், ஒருத்தனத் தாண்டினான், ரெண்டு பேரத் தாண்டினான், அவங்க கோலி முன்னால ஓடிவந்து விழுந்தான், அவனையும் தாண்டித் தட்டிவிட்டான். வெறும் வலை. பந்து மெதுவா உருண்டு போகுது, எங்க ஊரே எழும்பிட்டு, பேண்டுக்காரன் ஊதத் தொடங்கிட்டான், பெனட் அழத் தொடங்கிட்டான். அப்ப எங்க இருந்தோ வந்தான். முப்பத்திநாலு வயசு, தோள முன்னால சாய்ச்சுக்கிட்டு, நிழல் பக்கத்துலயே சேந்து ஓட, கோட்டுக்கு மேல பந்து ஏறுற அந்த நொடியில முழு நீளத்துக்கும் சறுக்கி, வலது கால நீட்டி, பந்த எட்டி உதைச்சு வெளிய அனுப்பிட்டான்.

எங்க பக்கம் முழுக்க அடிச்சு வச்ச மாதிரி உக்காந்துச்சு. ஒருத்தி மட்டும் நிக்கிறா, ரெண்டு கையும் வானத்துல, "எங்க ததேயுவாக்கும், பாத்தியளா, எங்க ததேயுவாக்கும்"னு தொண்டை கிழியக் கத்துறா. அது நான்னு எனக்கே பெனட் என் சேலையப் பிடிச்சு இழுத்தப்போதான் தெரிஞ்சுது.

"அக்கா, என்ன செய்றீங்க. போனது நம்ம கோலுல்லா."

"தெரியும்லே. நீ கொஞ்சம் தள்ளி நில்லு, அவன மறைக்காத"ன்னு சொன்னேன்.